முகவைக் கரையில் முதல் வாடகை வீடு: வாடகையை அப்புறம் கேளுங்க, தண்ணியை முதல்ல கேளுங்க

முகவை என்கிற ராமநாதபுரம் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள், அதுவும் இதுவரை வீட்டிலும் ஹாஸ்டலிலுமே இருந்துவிட்டு முதல்முறையாகத் தனியாக வீடு எடுக்கப்போகிற பிள்ளைகள், என்னிடம் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அக்கா, அங்க ரெண்டு பெட்ரூம் வீடு எவ்வளவுக்கு வரும்?" 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. நர்ஸ் வேலை, கலெக்டர் ஆபீஸில் ஒப்பந்த வேலை, உச்சிப்புளி கடற்படைத் தளம், மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையம், தனியார் பள்ளிக்கூடம் என்று ஏதோ ஒன்றுக்காக வந்து இறங்குகிறார்கள், கையில் ஒரு டிராலி பெட்டி, போனில் புரோக்கர் அனுப்பிய நாலு போட்டோ.

வாடகை இங்கே பெரிய பிரச்சினையே இல்லை. சென்னையோடு மதுரையோடு பார்த்தால் குறைச்சல்தான். அந்தக் குறைச்சலைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறும்போதுதான் வாடகை ஏன் குறைச்சல் என்று புரியும். அதனால் நான் சொல்கிற வரிசை இதுதான்: தண்ணி, சுவர், மழைக்காலத்துத் தெரு, சாவி யார் கையில் இருக்கிறது. இதெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் வாடகை பேசலாம்.

முதலில் தண்ணி. இந்தக் கரையில் ஒரு வீட்டுக்கு இரண்டு தண்ணி. ஒன்று போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணி, இன்னொன்று குடிக்கிற நல்ல தண்ணி. புரோக்கரிடம் "தண்ணி வசதி எப்படி?" என்று கேட்டால் "இருபத்துநாலு மணி நேரமும் தண்ணிதாம்மா" என்பார். பொய் சொல்லவில்லை, உப்புத் தண்ணி இருபத்துநாலு மணி நேரமும் வரும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. மாடித் தொட்டியில் ஏறுவது எந்தத் தண்ணி? காவிரித் தண்ணிக்குத் தனிக் குழாய் இருக்கிறதா? அது எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? தரையோடு இருக்கிற குழாயில் மட்டும் வருமா, மேலேயும் வருமா? பிடித்து வைக்கத் தரைக்குள் சம்ப் இருக்கிறதா, இருந்தால் அதில் உங்களுக்குப் பங்கு உண்டா, இல்லை கீழ்வீட்டுக்காரருக்கு மட்டுமா?

காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கமிருந்து குழாயில் வருகிற தண்ணி அது. அவ்வளவு தூரம் வந்து, வழியில் எத்தனையோ ஊருக்குப் பிரிந்து, கடைசியில் இருக்கிற நமக்கு வந்து சேரும்போது வேகம் இருக்காது. மாடிக்கு ஏறாது. ஏறும் என்று சொன்னால் தண்ணி வருகிற நேரத்தில் போய் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். வழியில் எங்கேயாவது குழாய் உடைந்தால் அந்த வாரம் முழுக்க லாரித் தண்ணி, இல்லாவிட்டால் தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவந்து விற்கிற தண்ணி, இல்லாவிட்டால் 20 லிட்டர் கேன். இது மூன்றுக்கும் அந்தத் தெருவில் என்ன விலை என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டு, மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்த்து, அதை வாடகையோடு கூட்டுங்கள். அதுதான் உண்மையான வாடகை. கம்மி வாடகை வீடு பல சமயம் இந்தக் கணக்கில்தான் அடிபட்டுப் போகும்.

போர்த் தண்ணி எவ்வளவு உப்பு என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. வீடு பார்க்கப் போகும்போது பையில் ஒரு துண்டு குளியல் சோப்பு போட்டுக்கொண்டு போங்கள். கை கழுவுகிற சாக்கில் தேய்த்துப் பாருங்கள், நுரை வராமல் திப்பி திப்பியாகக் கையில் ஒட்டினால் தெரிந்துவிடும். அடுத்து குளியலறைக் குழாயின் வாய், ஷவரின் துளைகள், கழிப்பறைப் பீங்கானில் தண்ணி வழிகிற தடம் பாருங்கள், வெள்ளையாகக் காரை பிடித்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அது முழுசாகப் போகாது. தண்ணியில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது, பேனா மாதிரி இருக்கும், தண்ணியில் முக்கினால் எண் காட்டும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அதே தர நிர்ணயத்தில் உள்ள விதிவிலக்கு. போர்த் தண்ணியில் இந்த 2000-ஐத் தாண்டுகிற வீடுகள் நம் கரையில் உண்டு. அந்த வீட்டில் "நான் ஆர்ஓ மிஷின் வாங்கிப் போட்டுக்கறேன்" என்று கிளம்பாதீர்கள். வீட்டுக்கு விற்கிற சாதாரண மிஷின்கள் அவ்வளவு உப்புக்குச் செய்தவை அல்ல, உப்பை வடிகட்டுகிற மெம்பிரேன் சீக்கிரம் போகும், ஒரு குடம் சுத்தமான தண்ணிக்குப் பல குடம் சாக்கடைக்குப் போகும். ஹீட்டர் காயிலும் வாஷிங் மிஷினும் அதே உப்பில்தான் கெட்டுப்போகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சும்மா குளிக்க, துவைக்க, கழுவ மட்டும் என்றால் ஓரளவு உப்பு சமாளிக்கலாம், நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறோம். தலைமுடி கொட்டுகிறது என்று முதல் மாதம் அழுவீர்கள், தலைக்கு மட்டும் நல்ல தண்ணி எடுத்து வைத்துக்கொள்ளப் பழகிவிடுவீர்கள்.

இன்னொன்று, மோட்டார். ஒரே மோட்டாரில் இரண்டு மூன்று வீடு ஓடினால் யார் போடுவது, யார் நிறுத்துவது, அந்தக் கரண்ட் பில் யார் மீட்டரில் ஏறுகிறது? வீட்டுக்காரர் அம்மா விடிகாலை ஐந்து மணிக்கு மோட்டார் போடுவார், நீங்கள் நைட் டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வந்தால் தொட்டி காலியாக இருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் குடியிருக்கிறவருக்கும் வீட்டுக்காரருக்கும் வருகிற மனஸ்தாபத்தில் பாதி இந்த மோட்டார் சுவிட்சைச் சுற்றித்தான்.

சுவருக்கு வருவோம். கடலிலிருந்து எட்டி இருக்கிற ராமநாதபுரம் டவுனில் ஒரு மாதிரி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் வேறு மாதிரி. உப்புக் காற்று இரும்பு எதையும் விடாது. கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்கும்போது ஊதும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும் என்பதால் மேலே இருக்கிற காரையைத் தள்ளி விரிசல் விடும், அப்புறம் ஒருநாள் பாளம் பாளமாக விழும். கட்டும்போதே உப்புத் தண்ணியில் கலவை குழைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே அறைக்குள் நுழைந்ததும் டைல்ஸைப் பார்க்காதீர்கள், தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி, பீம் ஓரத்தில், பால்கனி அடிப்பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே. நேர்க்கோடாக, கம்பி ஓடுகிற திசையில் விரிசல் இருந்தாலோ பழுப்பு நிறக் கறை இறங்கியிருந்தாலோ அந்த வீடு வேண்டாம். வாடகை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கட்டில் போடப்போகிற இடத்துக்கு மேலே இருக்கிற சீலிங் அது.

அடிச்சுவரில் உப்புப் பூப்பது இன்னொரு கதை. தரையிலிருந்து ஒரு முழம், இரண்டு முழம் உயரத்துக்கு வெள்ளை மாவு மாதிரி பூத்துப் பெயிண்ட் உதிரும். புதுசாகக் குடிவைப்பதற்கு முன்னால் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார்கள், மூன்று நாலு மாதம் தாங்கும். அதனால் வீடு முழுக்கப் பழசாக இருந்து அடிச்சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆள் பார்க்காதபோது உள்ளங்கையை அழுத்தி வையுங்கள், சில்லென்று ஈரம் தெரியும். எங்களோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இப்படி ஒரு பளிச் சுவரை ஒட்டி பீரோவை வைத்தாள், ஐப்பசியில் பட்டுப்புடவை எடுக்கத் திறந்தபோது பின்தகடே துருவில் ஓட்டை. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு "பீரோவை யாரு சுவத்தோட ஒட்டி வைக்கச் சொன்னா?" என்று கேட்டாராம். இரும்புச் சாமான் எதையும் சுவரிலிருந்து ஒரு கை தள்ளியே வையுங்கள். பீரோ, கட்டில் வாங்குகிறவர்கள் முடிந்தால் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ வாங்குங்கள். ஜன்னலுக்கு இரும்புக் கம்பியும் இரும்புக் கொண்டியும் இருக்கிற வீட்டில் எல்லா ஜன்னலையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள், பாதி ஜன்னல் துருப்பிடித்து இறுகி நிற்கும், மேமாதம் அந்த வீட்டில் வேகவேண்டியதுதான். பழைய சுண்ணாம்புக் காரை வீடு கிடைத்தால், கீழக்கரையில் இன்னும் சிலது உண்டு, விடாதீர்கள். பார்க்க அழுக்காக இருக்கும், உள்ளே குளிர்ச்சி.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை கச்சான், அது மேற்கும் தென்மேற்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை. வாடை வீசுகிறபோது பார்த்துப் பிடித்துப்போன வீட்டில், கச்சான் திரும்பியதும் கருவாடு காயப்போடுகிற களத்தின் வாசனை முழுக்க உங்கள் ஹாலுக்குள் வரும். எனக்குக் கருவாட்டு வாசனை பிடிக்கும், அது வேறு. உங்களுக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாதே. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாளில் துறைமுகம் பக்கம் வீடு பார்த்தால் விசைப்படகும் ஐஸ் லாரியும் இல்லாமல் தெரு அமைதியாக இருக்கும். தடை முடிந்த பிறகு அந்தத் தெருவே வேறு தெரு.

மழைக்கு நம் ஊர் காய்ந்த ஊர் என்று பெயர், அதை நம்பி யாரும் கேட்பதில்லை. ஆனால் நமக்கு மழை முழுக்க ஐப்பசி, கார்த்திகையில்தான், வந்தால் ஒரே கொட்டாகக் கொட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, பாம்பனும் தங்கச்சிமடமும் கூடச் சேர்ந்து மிதந்தன. கரையில் எங்கே வீடு பார்த்தாலும் எதிர்வீட்டுக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அண்ணே, அன்னைக்குப் பெஞ்ச மழையில இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" வீட்டுக்காரரிடம் கேட்டால் "வரவே வராது" என்பார். எதிர்வீட்டுக்காரர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். டவுனில் பாதாளச் சாக்கடை மூடி வாசலுக்கு நேராக இருக்கிற வீட்டையும் கொஞ்சம் யோசித்தே எடுங்கள், மழை நாளில் அது பொங்கினால் நீங்கள் வாசல் வழியாக வெளியே வர முடியாது. தரைத்தளமா மாடியா என்று கேட்டால் நான் மாடி என்பேன், மொட்டை மாடியில் வெயிலைத் தடுக்கிற தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருந்தால் மட்டும். வெறும் கான்கிரீட் மாடிக்குக் கீழே சித்திரையில் படுக்க முடியாது.

சரி, வீடு பிடித்துவிட்டது. இப்போது யாரிடம் பேசுகிறோம்?

நம் கரையின் தனிச்சிக்கல் இது. வீட்டுக்காரர் துபாயிலோ சவூதியிலோ மலேசியாவிலோ இருப்பார், இல்லாவிட்டால் சென்னையில் செட்டில் ஆகியிருப்பார். சாவி மச்சான் கையில், வாடகை வாங்குவது மாமியார், ரிப்பேருக்குக் கேட்டால் "அவன் வரட்டும், ரமலானுக்கு வருவான்" என்று பதில். நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள், நோன்புக் கஞ்சி கொடுத்துவிடுவார்கள், பெருநாளைக்கு பிரியாணி வரும், காய்ச்சல் வந்தால் கூடவே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வீடு யார் பேரில் இருக்கிறது? வீட்டு வரி ரசீதிலும் கரண்ட் அட்டையிலும் யார் பேர்? கையெழுத்துப் போடுகிறவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதா? அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்காத சொத்தா? பாகம் பிரியாத வீட்டில் மூத்தவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இளையவரிடம் "நீங்க யாரு?" என்று வாங்கிக் கட்டிக்கொள்ளக்கூடாது. வாட்ஸப்பில் உண்மையான வீட்டுக்காரரோடு ஒரு தடவையாவது வீடியோவில் பேசி, வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, இந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவர் வாயாலேயே கேட்டுக்கொண்டு, அதையே எழுத்திலும் அனுப்பி "ஓகே" வாங்கி வையுங்கள். வாடகையைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடுங்கள், கையில்தான் வேண்டும் என்றால் ரசீது. வெளிநாட்டிலேயே வசிக்கிறவருக்கு வாடகை கொடுத்தால் வருமான வரி பிடித்துக் கட்டுகிற பொறுப்பு சட்டப்படி வாடகை கொடுக்கிறவருக்கு உண்டு. தெருவில் யாரும் இதைச் செய்வதாகத் தெரியவில்லை. பெரிய வாடகை கொடுத்து ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்குக் கணக்குக் காட்டப்போகிறவர்கள் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒப்பந்தம் என்றாலே இங்கே முகம் சுருங்கும். "நமக்குள்ள என்னம்மா பத்திரம், வாய்ப்பேச்சு போதாதா?" போதாது. சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், ஆபீஸில் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள், எப்படியாவது எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைக்கும் பொறுப்புக்கும் 2017-இல் கொண்டுவந்த சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு அரசு இணையதளம் இருக்கிறது. கலெக்டர் நியமிக்கிற, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒரு அதிகாரிதான் வாடகை அதிகாரி. பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு ஆபீஸில் பதிய வேண்டும் என்கிற பழைய விதியிலிருந்து தப்பிக்க வந்த பழக்கம் அது, புதுச் சட்டத்தின் பதிவுக்கு அது விலக்கு அல்ல.

அந்தச் சட்டத்தில் நமக்கு வேலைக்கு ஆகிற விஷயங்கள் சில இருக்கின்றன. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரைக்கும் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. அந்த "வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரைக்கும்" என்பதில்தான் ஓட்டை, எழுதுவதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். காலி செய்த பிறகு பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்றால் 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும். தகராறு வந்தால் தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது. அப்புறம் யார் எதைப் பழுதுபார்ப்பது என்று ஒரு அட்டவணையே இருக்கிறது: கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பாடு, குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், அடைத்த சாக்கடை, கீசர் ரிப்பேர் நம் பாடு. கவனியுங்கள், வெள்ளையடிப்பு வீட்டுக்காரருடையது. ஆனால் இங்கே வழக்கத்தில் "காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதை ஒத்துக்கொள்வதா என்பது உங்கள் பேரம். நான் என்றால் மூன்று வருஷம் இருந்தால் பிடிக்கக்கூடாது, ஒரு வருஷத்துக்குள் போனால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதச் சொல்வேன், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கடற்கரை வீட்டுக்கு இன்னொரு வரியும் சேருங்கள்: துருப்பிடித்த ஜன்னல், கிரில், கீல் எல்லாம் உப்புக் காற்றால் ஆன தேய்மானம், அட்வான்ஸில் கழிக்கக்கூடாது.

ஒத்தி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். கேட்க இனிப்பாக இருக்கும், அப்பா அம்மாக்களுக்கு ரொம்பப் பிடிக்கும். முதல்முறை வீடு எடுக்கிறவர்களுக்கு நான் வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தை வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கோ மகன் விசாவுக்கோ செலவழித்திருப்பார், நீங்கள் கேட்கிற அன்று கையில் இருக்காது. அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்கள் பணம், அவர் வருகிற வரைக்கும் நீங்கள் அங்கேயேதான். அப்படியும் எடுப்பதாக இருந்தால் பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் ஓடி வந்துவிடுங்கள். ஒத்தியைப் பதிவு ஆபீஸில் பதியாமல் பச்சைத்தாளில் எழுதிக்கொள்வது சட்டத்தின் முன் அடமானமாக நிற்காது.

கரண்ட் சுருக்கமாக. உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டரா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அது ஒரு இணைப்புக்கு ஒன்றுதான். ஒரே இணைப்பில் சப் மீட்டர் வைத்து இரண்டு வீடு ஓடினால் இலவசமும் பங்காகும், மொத்த யூனிட் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையும் கூடிவிடும். நீங்கள் ஏசியே போடாமல் இருந்தாலும் கீழ்வீட்டு ஏசிக்குச் சேர்த்துக் கட்டுவீர்கள். குடிபோகிற அன்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். இணைப்பு எண்ணை வாங்கி இணையத்தில் போட்டால் பழைய பாக்கி தெரியும்.

ராமேஸ்வரம் தீவுக்குள் வீடு எடுக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. அங்கே எந்த வீடும் எந்த நேரமும் லாட்ஜ் ஆகலாம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வருகிற கூட்டத்தில் ஒரு அறைக்கு ஒரு நாளில் கிடைக்கிற காசைப் பார்த்துவிட்டால், மாத வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரருக்கு மனசு ஆடத்தான் செய்யும். காலி செய்யச் சொன்னால் எத்தனை மாதம் அவகாசம் என்று ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுதுங்கள். கோயில் பக்கத்துத் தெருக்களில் அமாவாசை நாளில் டூவீலரை வெளியே எடுக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். வேலை மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ என்றால் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமே வீடு பாருங்கள், தினமும் பாலம் கடக்கிற அலைச்சல் மிச்சம்.

பிடிக்காத விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு கேட்டுப் போனால் "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சில தெருவில் மதம், சில தெருவில் சாதி, சில தெருவில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கிடையாது, சில தெருவில் கல்யாணம் ஆகாத பையனுக்குக் கிடையாது. இதை வாதாடி ஜெயித்து அந்த வீட்டுக்குள் போனாலும் நிம்மதியாக இருக்க முடியாது, அதனால் அந்தக் கேள்வி வந்த உடனேயே நான் செருப்பை மாட்டிவிடுவேன். பொய் சொல்லிக் குடிபோகாதீர்கள், ஒரே வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். தனியாக இருக்கிற பெண்களுக்கு என் யோசனை, உங்கள் ஆஸ்பத்திரியிலோ பள்ளியிலோ ஏற்கெனவே வேலை பார்க்கிறவர்கள் காலி செய்கிற வீட்டையே பிடியுங்கள், அந்த வீட்டுக்காரருக்கு டியூட்டி நேரம், ராத்திரி வருவது எல்லாம் பழகியிருக்கும். புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

பேரம் பேச நல்ல காலம் ஆடியும் மார்கழியும். இந்து வீட்டுக்காரர்களின் வீடுகள் அந்த மாதங்களில் காலியாகவே கிடக்கும், யாரும் பால் காய்ச்ச வரமாட்டார்கள். ஆடியில் பேசி முடித்து, குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொள்ள வைத்து, ஆவணி ஒன்றாம் தேதி குடிபோகலாம், சாஸ்திரம் பார்க்கிற அம்மாவும் திட்டமாட்டார். மே கடைசியில், பள்ளி திறக்கிற நேரத்தில் தேடினால் நீங்கள்தான் கெஞ்ச வேண்டியிருக்கும்.

குடிபோன முதல் நாள் சாமான் இறக்குவதற்கு முன்னால் வெறும் வீட்டை ஒரு வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சுவர், கூரை, ஜன்னல், குழாய், கதவுக் கீல், ஏற்கெனவே உடைந்த டைல்ஸ். பேசிக்கொண்டே எடுங்கள், தேதி சொல்லி. அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். முதல் வாரத்தில் வாங்க வேண்டியவை: மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்று நல்ல தண்ணிக்கு, நாலைந்து குடம், ஒரு நீளமான ஹோஸ், ஜன்னலுக்குக் கொசுவலை. ஏசி போடுவதாக இருந்தால் வெளியே வைக்கிற பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டச் சொல்லாதீர்கள், மறுபக்கம் மாட்டி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணியால் லேசாகக் கழுவிவிடுங்கள். கேஸ் இணைப்பு மாற்றம், ஆதார் முகவரி எல்லாவற்றுக்கும் அந்த வாடகை ஒப்பந்தமே உதவும், அதற்காகவாவது எழுதி வாங்குங்கள்.

காலி செய்வதாக முடிவானால் ஒப்பந்தத்தில் சொன்ன அவகாசப்படி எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸப்பும் எழுத்துதான். அட்வான்ஸ் திரும்பி வருமா என்று லேசாகச் சந்தேகம் இருந்தாலே கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு ஒப்புக்கொள்ள வையுங்கள். கேட்காமல் வாடகையை நிறுத்தினால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். கடைசி நாள் கரண்ட் ரீடிங் போட்டோ, காலி வீட்டு வீடியோ, சாவி யார் கையில் கொடுத்தீர்களோ அவரையும் சேர்த்து ஒரு போட்டோ. மச்சானிடம் கொடுத்தால் துபாய்க்காரருக்கும் ஒரு மெசேஜ்: "சாவியை இன்னாரிடம் கொடுத்துவிட்டேன், கரண்ட் பாக்கி கட்டிவிட்டேன், மீதி அட்வான்ஸை இந்தக் கணக்குக்கு அனுப்பவும்." ஒரு மாதம் பாருங்கள். வரவில்லை என்றால் ஒப்பந்தத்தையும் அந்த மெசேஜையும் எடுத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் மனு கொடுங்கள்.